இல்லை வந்தால் கலைகிற ஊர்

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே, தென்னந்தோப்பு முடிந்து பேக்கரிகள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் வெள்ளிக்கடவில், கடைசிப் படியில் தவறிப்போன காரியங்கள் எல்லாம் தொடங்கவே தொடங்காததுபோல் திரும்பிப் போக ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத்தில், அதுவும் சந்தை நாளில், பழனாத்தாளின் எருமையிலிருந்து. அவள் சந்தைக்குப் போய், பல்லைப் பார்த்து, மடியைப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, எருமையை ஓட்டிக்கொண்டு ஊரையெல்லாம் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் புருஷன் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொம்பு சரியில்ல, வேண்டாம்" என்றான். அந்தச் சொல் அவன் வாயை விட்டு இறங்கியதும் எருமை சந்தையில் பழைய முளையிலேயே நின்று அசை போட்டது, பணம் பழனாத்தாளின் முந்தானை முடிச்சுக்குத் திரும்பியது, அவள் காலில் ஒட்டியிருந்த புழுதிகூட இல்லை. பழனாத்தாள் கத்தவில்லை, சாமி ஆடவில்லை. "நல்லதாப் போச்சு போ, மறுக்கா அத்தன தூரம் ஓட்டிட்டுப் போயித் திருப்பிக் குடுக்கோணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உலை வைக்க உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் தினமும் ஏதாவது கலைந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி வந்து, காதடைக்கக் குடைந்து, தோப்பெல்லாம் வெள்ளைத் தூசி படிய ஆயிரம் அடிக்கு இறங்கி, தண்ணீர் இல்லை என்று தெரிந்த நிமிஷம், துளை மூடிக்கொண்டது, தூசி போய் ஓலை பச்சையானது, லாரி தன் ஷெட்டில் குளிர்ந்த எஞ்சினோடு நின்றது, தோட்டத்துக்காரர் வீட்டில் கைலியோடு நின்றார்; போர் போட்டுப் போட்டு நொந்துபோன ஊருக்கு இதைவிடப் பெரிய வரம் எது? கலைந்தால் பொருள் திரும்பிப் போகும், செய்த வேலை போகும், ஆனால் ஞாபகம் போகாது, போன பொழுதும் திரும்பி வராது, பசியும் அப்படியே இருக்கும் என்று ஜனங்கள் சீக்கிரமே சட்டதிட்டம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். டீக்கடை மாஸ்டர் மட்டும் சிரமப்பட்டார், ஏனென்றால் சக்கரை அதிகம் என்று யாராவது முகம் சுளித்தால் டீ மறுபடி பாலாகவும் டிக்காஷனாகவும் பிரிந்து போனது, ஆனால் குடித்தவர் நாக்கில் ருசி தங்கிவிட்டது. "எப்படீங் இருக்குது?" என்று கேட்கிற பழக்கத்தையே அவர் விட்டுவிட்டார்.

கோகிலவாணிக்கு மட்டும் இதைக் கேட்கும்போதெல்லாம் முகம் சிவந்தது, ஏனென்றால் ஊர் ஓடுகிற விதம் அப்படியே அவள் எழுதிய புரோகிராம் ஓடுகிற விதம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி மாடியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி; அவளும் ரியாஸும் இன்னும் இரண்டு பேரும், எழுதினால் ஹாஸ்கெல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுதுவோம் என்று அடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மொழிக்கு ஒரு மரியாதை உண்டு. இல்லாமல் போகக்கூடிய பொருள் இருக்கிற பொருள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு அங்கே வர முடியாது, மேபி என்கிற பெட்டிக்குள்தான் வர வேண்டும். திறந்தால் உள்ளே பொருள் இருக்கும், அல்லது 'இல்லை' இருக்கும். ஒவ்வொரு படியிலும் பெட்டியைத் திறந்து பார், திறந்து பார் என்று எழுதிக்கொண்டே போனால் எழுத்து ஸ்கிரீனின் வலது ஓரத்துக்கே நகர்ந்து போய்விடும் என்பதால், மோனாட் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்றை மேலே போர்த்திவிடுவார்கள், அது தானாகவே பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டு போகும், எங்காவது 'இல்லை' வந்தால் மீதிப் படிகளைச் சத்தம் போடாமல் விட்டுவிடும். கோகிலவாணியின் அம்மா ருக்மணி, "எம்பட புள்ள டிரான்ஸ்பார்மர் வேல பாக்கறா" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்ததால், தெருவில் கரண்ட் போனால் நாலு பேராவது அவளுக்குப் போன் செய்வார்கள்.

அவள் எழுதியது கல்யாண மண்டபத்துக்கான புரோகிராம். மண்டபம், சமையல், பூ, நாதஸ்வரம், நாற்காலி என்று வரிசையாகப் பிடித்துப் பிடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டே போகும். மண்டபத்துக்காரர், "ஒண்ணு இல்லீன்னா ஒண்ணுமே வேண்டாங் அம்மிணி, பாதிக் கல்யாணத்த வெச்சுட்டு நா என்ன பண்றது" என்று சொல்லியிருந்ததால், மேபி என்கிற அந்தப் பெட்டியை வெளியேயும் பையை அதற்கு உள்ளேயும் வைத்தாள்; எங்கே தவறினாலும் பையும் சேர்ந்து போய்விடும். பையை வெளியே வைத்துப் பெட்டியை உள்ளே வைத்திருந்தால், கேட்டது மட்டும் கிடைக்காது, அதுவரை பிடித்துப் போட்டதெல்லாம் கையில் நிற்கும். எது சரி என்பது அவரவர் காரியத்தைப் பொறுத்தது, அவள் எழுதியதில் பிழை எதுவும் இல்லை, ரியாஸ் மூன்று தடவை பார்த்தும் இல்லை. அது எப்படி மாடிப்படி இறங்கி ஊருக்குத் தொற்றியது என்று யாரும் விசாரிக்கவில்லை. கொசு எங்கிருந்து வந்தது என்று யார் விசாரிக்கிறார்கள்?

ஐப்பசியில் அவளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை யுவராஜ், பக்கத்து ஊரில் தென்னை நார் மில் வைத்திருப்பவன், பெண் பார்க்க வந்த அன்று சட்டை முழுக்க நார்த்தூசியோடு வந்து, "குளிச்சுட்டுத்தான் வந்தனுங், இது போக மாட்டீங்குது" என்று சொன்னவன். அன்றிலிருந்து கோகிலவாணியின் மனசு முழுக்க அவன்தான் இருந்தான், அதை அவள் மறைக்கவும் இல்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணமேடை ஏற முடியும், கடைசிப் பந்தி முடிகிற வரைக்கும் தாய்மாமன் மனம் கோணவும் கூடாது. ருக்மணிக்கு ஒரே அண்ணன், நாச்சிமுத்து. கஞ்சி போட்ட வேட்டி, கஞ்சி போட்ட துண்டு, கஞ்சி போட்ட கோபம். தங்கச்சி மகள் மேல் உயிர், ஆனால் ஒரு விசேஷத்தில் ஒரு தடவையாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

தாலி கட்டியாயிற்று. போட்டோக்காரன் குடும்பப் படம் எடுக்கும்போது, "பெருசு, கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்" என்று அவரை முழங்கையால் நகர்த்தினான். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார், விறுவிறுவென்று நடந்தார், மண்டபத்து கேட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தார். உடனே அரிசி மூட்டைக்குள் போனது, ஜிலேபி மாவானது, வாழைமரங்கள் தோப்பில் ஏறி நின்றன, தாலி நகைப்பெட்டிக்குள் படுத்தது, வந்திருந்த ஜனம் அத்தனையும் அவரவர் வீட்டில் பழைய துணியோடு பசியோடு நின்றது. சிலர் மொய்க்கவர் சட்டைப்பைக்கே திரும்பி வந்ததைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதையும் மறைப்பானேன். யுவராஜ் போன் செய்தான்.

"எங்கிருக்கறே?"

"ஊட்லதான், பழைய நைட்டில. நீங்க?"

"நானும் ஊட்லதான். மால வாசம் மட்டும் மூக்குல இருக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள், முதல் தடவை என்பதால் சிரிப்பு வந்தது.

இரண்டாவது முகூர்த்தத்துக்கு யோசனை சொன்னது கோகிலவாணிதான். ஹாஸ்கெல்லில், 'இது இல்லாவிட்டால் அது' என்று ஒரு குறி உண்டு. முதல் பெட்டி காலியாக இருந்தால் இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொள்ளும், காரியம் நிற்காது. அம்மாவின் பெரியம்மா மகன் வேலுச்சாமியை மாற்று மாமனாக நிறுத்தினால் என்ன? படித்த பெண் சொல்கிறாளே என்று ருக்மணியும் தலையாட்டினாள். கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் வேலுச்சாமி கூச்சத்தோடு கோகிலவாணியின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்; கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, தான் பிடிக்க வேண்டிய கையை இன்னொருவர் பிடித்திருப்பதைப் பார்த்தார், எழுந்து கேட்டைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை தாலி பெட்டியை விட்டு வெளியேகூட வரவில்லை.

இப்போது ஊருக்கு இது பழகிவிட்டது. சமையல்காரர் கனகராஜ், "ரெண்டு கல்யாணத்துக்குக் கிண்டியாச்சு, ஒருத்தர் வவுத்துலயும் ஒண்ணும் நிக்கல" என்று சிரித்தார், பெண்கள் அடுத்த முறைக்குப் புடவை மாற்றலாமா அதையே கட்டலாமா என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா பொன்னுச்சாமி சிரிக்கவில்லை. அவர் நேராக ருக்மணி வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், நின்றுகொண்டே பேசினார்.

"மார்கழி பொறந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங். இந்தக் கார்த்திகை கடைசி முகூர்த்தம் ஒண்ணுதான் இருக்குது. அதுவும் கலைஞ்சுதுன்னா, தப்பா நெனைக்காதீங், எங்களுக்குச் சரிப்படாது. வேற எடம் பாக்க வேண்டீதுதான்."

அவர் போன பிறகு கோகிலவாணி சமையலறையில் நின்று அழுதாள். நாச்சிமுத்துவைப் போய்ப் பார்க்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, முதல் தடவையும் தோன்றவில்லை. போய் என்ன சொல்வது, நடந்ததுதான் நடக்காமலே போய்விட்டதே. மூன்றாவது தடவைக்கும் ருக்மணி முறைப்படி வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள், அவர் எடுத்துக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கோகிலவாணி கம்பெனியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "ரியாஸு, அடுக்கை மாத்தப் போறேன். பைய வெளிய வெச்சு, பெட்டிய உள்ள வெக்கறேன்."

"மாத்து. ஆனா ஊரக் கேக்காம மாத்தாதே. அடிக்க வந்துருவாங்க."

அவன் சொன்னது சரிதான். மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டபோது முதலில் எழுந்தவர் போர் போட்டவர். "ஏஞ்சாமி, தண்ணி வராத குழிய மூடிக் குடுக்கற சாமி இதுவரைக்கும் ஒண்ணாவது இருந்துச்சா? இருக்கறதையும் கெடுக்கறியே" என்றார். இன்னொருவர் தான் மகனை அறைந்த அறை கலைந்துபோனதைச் சொன்னார், கன்னத்துத் தடம் கலைந்தது, பையன் இன்னும் தன்னோடு பேசவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டார். கூட்டம் முழுக்க இப்படியே போயிருக்கும், நர்ஸ் வேலை பார்க்கும் திலகவதி மட்டும் எழுந்திருக்காவிட்டால்.

"நானு ஸ்கூட்டர் பழகறனுங். எட்டுப் போடறப்ப கால ஊணிட்டன்னா பெயிலுங்கறாங்க. பெயிலுன்னதும் பழகுனதெல்லாம் போயிருதுங். எப்படி ஓட்டறதுன்னு மண்டைக்கு ஞாபகம் இருக்குது, கைக்கு இல்ல. எத்தன மொறைதான் மொதல்ல இருந்து உழுந்து எந்திரிக்கறது?"

அதோடு மற்றவர்களும் வாய் திறந்தார்கள். பரீட்சையில் தவறிய பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்ததையும் சேர்த்துத் தொலைத்தது, பாதி வெட்டிய வாய்க்கால் மூடிக்கொண்டது, பதம் தப்பிய அல்வாவோடு கனகராஜின் கைப்பக்குவமும் போனது, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியில் ஊர் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தது: இரண்டு பக்கத்துக்கும் இல்லாமல், "ஒரு முகூர்த்தத்துக்கு மாத்திப் பாப்போம், அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது.

கோகிலவாணி உட்கார்ந்து மாற்றினாள். இந்த அடுக்கில் ஒரு குறும்பு உண்டு, எழுதும்போது வெளியே எழுதுகிற உறை ஓடும்போது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், உள்ளே எழுதுவது வெளியே வரும். அதனால் பையை வெளியே வைக்க அதை உள்ளே எழுத வேண்டும். அவள் இரண்டு தடவை தலைகீழாக எழுதி, எழுத்தைச் சரிபார்க்கிற கம்பைலரிடம் காலை முழுக்கத் திட்டு வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஓடவிட்டாள். கீழே டீக்கடையில் யாரோ சக்கரை அதிகம் என்று முகம் சுளித்தார். டீ கிளாஸிலேயே இருந்தது. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இருங், கொஞ்சம் டிக்காஷன் ஊத்தறேன்" என்றார்.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் வந்தது. நாச்சிமுத்து வந்தார், கோகிலவாணியின் கையைப் பிடித்தார், படியில் புடவை தடுக்கியபோது இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார், மேடையில் விட்டார். யுவராஜ் தாலி கட்டினான். அப்பாடா என்று ருக்மணி மூச்சு விட்டாள், ஆனால் பந்தி பாக்கி இருந்தது. நாச்சிமுத்து முதல் பந்தியில் சம்பந்திக்கு எதிரே உட்கார்ந்தார். வடை வரிசையாக வந்தது, பொன்னுச்சாமிக்கு இரண்டு விழுந்தது, பக்கத்தில் இருந்தவருக்கு விழுந்தது, நாச்சிமுத்துவின் இலைக்கு வந்தபோது தூக்கு காலி. பரிமாறியவன் தூக்கைக் கவிழ்த்துக் காட்டி, "தீந்துருச்சுங்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். மண்டபமே வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட, நாச்சிமுத்து இலையை மூடினார், எழுந்தார், துண்டை உதறினார், கேட்டைத் தாண்டிக் கால் வைத்தார்.

பெண்கள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் கலையவில்லை. சோறு சோறாகவே இருந்தது, தோரணம் தோரணமாகவே தொங்கியது, கோகிலவாணி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், தாலி இருந்தது. ஆனால் மீதி எதுவும் நடக்கவும் இல்லை: சாம்பார்க் கரண்டி இலைக்கு மேலே நின்றது, நாதஸ்வரக்காரர் உப்பிய கன்னத்தோடு நின்றார், பொன்னுச்சாமி வாய்க்குப் பக்கத்தில் வடையோடு நின்றார், மூச்சு விட முடிந்ததே தவிர அடுத்த வேலைக்கு யாராலும் கை போகவில்லை. புரோகிராம் யாருடையதோ அவளால் மட்டும்தான் அசைய முடிந்தது. நடந்தது என்ன என்று கடைசியில் பெட்டியை வாங்கித் திறந்து பார்க்கிறவர் ஒருவர் எந்தப் புரோகிராமிலும் உண்டு, 'இல்லை' என்று இருந்தால் பிறகு என்ன என்று அந்த இடத்தில் எழுத வேண்டும். கோகிலவாணி இதுவரை எழுதிய எல்லாவற்றிலும் அந்த இடத்தில், சும்மா விடு என்றுதான் எழுதியிருந்தாள்.

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நாச்சிமுத்து கேட்டுக்கு வெளியே, வெயிலில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக இந்நேரம் வீட்டில் நின்றிருப்பார். இன்றைக்கு ரோடும் வெயிலும் அவரும் மட்டும்தான் இருந்தார்கள், எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை.

"மாமா, வாங்க மாமா" என்று அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"இப்பத்தான் கூப்புடத் தோணுச்சா உனக்கு?" என்றார் அவர். "நா ஆயுசுல எத்தன விசேஷத்துல கோவிச்சுட்டுப் போயிருப்பேன். ஒரு தடவையாச்சும் கேட்டத் தாண்டி ரெண்டு அடி வெச்சிருப்பனா? அதுக்குள்ள யாராச்சும் ஓடியாந்து கையப் புடிச்சுருவாங்க. அதுக்குத்தான அம்மிணி போறது! இந்த ரெண்டு தடவையும் கால வெச்சா ஊட்ல நிக்கறேன். ஒத்தையா. கூப்புட ஆளில்ல. சரி, கலைஞ்சுதான் போச்சு, பொழுதோட வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். உங்கம்மா வரல. நீ வரல. வேலுச்சாமிய வெச்சீங்க."

ஊரில் எல்லாம் கலைந்து கலைந்து சுத்தமாகிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் மனசில் மட்டும் எல்லாம் அப்படியே அடுக்கடுக்காக இருந்திருக்கிறது, அவள் பெட்டியைப் பற்றியும் பையைப் பற்றியும் யோசித்தாளே தவிர அவரைப் பற்றி யோசிக்கவில்லை. தப்பு அவளுடையது, அதை அவள் அப்படியே சொன்னாள்.

"தப்புதானுங் மாமா. நடக்காததுக்கு எதுக்கு மன்னிப்புக் கேக்கறதுன்னு இருந்துட்டேன். ஊட்டுக்கு வந்திருக்கோணும்."

"வந்திருக்கோணும்."

"இப்ப வாங்க."

"விடு கைய" என்றார் அவர், கையை இழுக்காமல். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார். "இருக்குதா அது?"

"இருக்குதுங் மாமா. இந்தத் தடவ நீங்க எந்திரிச்சும் அது கலையல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேட்டியைச் சரி செய்துகொண்டு, யாரோ கட்டாயப்படுத்தி இழுத்து வருகிற மாதிரி அவள் பின்னால் நடந்து வந்தார். கேட்டுக்குள் கால் வைத்ததும் சாம்பார் இலையில் விழுந்தது, நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து எடுத்தது, பொன்னுச்சாமி வடையைக் கடித்தார். நாச்சிமுத்து தன் இடத்தில் உட்கார்ந்து மூடிய இலையைத் தள்ளிவிட்டுப் புது இலை கேட்டார். இலை வந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கனகராஜைப் பார்த்து, "வடை இருக்குதா?" என்றார்.

"பாத்துச் சொல்றனுங்" என்று கனகராஜ் சமையல்கட்டுக்குள் போனார். அண்டாவைத் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. ருக்மணி கண்ணை மூடிக்கொண்டாள், யுவராஜ் கோகிலவாணியின் விரலை இறுக்கினான். கனகராஜ் வெளியே வந்தார், கையில் ஒன்றும் இல்லை.

"இல்லீங்" என்றார்.

நாச்சிமுத்து இலையைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், மேடைப் பக்கம் நின்ற தங்கச்சி மகளைப் பார்த்தார்.

"இல்லாட்டிப் போகுது" என்றார். "அப்பளத்த ரெண்டாப் போடு."